கார் ஷெட்டில் ஒரு பட்டறை: பிளக் பாயிண்ட்டுக்கு முன் போட வேண்டிய கணக்கு

தமிழ்நாட்டில் வீடு கட்டும்போது கார் ஷெட்டுக்கென்று ஒதுக்கப்படும் மின் இணைப்பு பெரும்பாலும் ஒரு டியூப்லைட்டோடும் ஒரு 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டோடும் முடிந்துவிடுகிறது. சில ஆண்டுகளில் அதே இடத்துக்கு ஒரு மரமேசை வருகிறது. டிரில்லிங் மெஷினும் 4 அங்குல கிரைண்டரும் வருகின்றன. பிளைவுட் அறுக்க வட்ட ரம்பம், பெயின்ட் அடிக்கவும் டயருக்குக் காற்றுப் பிடிக்கவும் ஏர் கம்ப்ரஸர், கேட்டுக்கு ஒட்டு வைக்க இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் என்று பொழுதுபோக்காகத் தொடங்கியது மெல்ல மெல்லப் பட்டறையாகிறது. இணைப்பு மட்டும் அதே ஒற்றைப் பிளக்கில் நிற்கிறது. அதிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அந்த பாக்ஸிலிருந்து இன்னொன்று, பெரிய பிளக்கைச் சின்ன ஓட்டையில் செருக ஒரு கன்வெர்ட்டர் என்று வளர்ந்துகொண்டே போய், ஒருநாள் சாக்கெட்டின் முகம் பழுப்பேறிப் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்த பிறகுதான் எலெக்ட்ரீஷியனுக்கு போன் போகிறது.

அவரிடம் பெரும்பாலானோர் கேட்பது, இன்னும் நான்கு பாயிண்ட் போட்டுக் கொடுங்கள் என்பதுதான். அவரும் இருக்கிற ஒயரிலிருந்தே நான்கு சாக்கெட்டுகளைக் கிளைபிரித்துக் கொடுத்துவிட்டுப் போவார். சுவரில் ஓட்டைகள் கூடியிருக்கும். அவற்றுக்கு வந்து சேரும் மின்சாரம் முன்பிருந்த அளவேதான். பட்டறையின் திட்டம் சுவரிலிருந்து தொடங்கக் கூடாது. எந்தெந்த மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடும் என்பதை முதலில் எழுத வேண்டும்; அதிலிருந்து, சொந்த ஒயரும் சொந்தக் காப்பு சுவிட்சும் உள்ள தனித்தனி லைன்கள் எத்தனை தேவை என்பது தெரியும்; அதன் பிறகுதான் ஒவ்வொரு லைனிலும் எத்தனை சாக்கெட், எந்த உயரத்தில், எந்தச் சுவரில் என்ற பேச்சுக்கு இடம் வரும். இந்த வரிசை மாறினால் எவ்வளவு செலவழித்தாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் திரும்பவும் தரைக்கு வந்துவிடும்.

கணக்குக்காக ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். 20 அடிக்கு 10 அடி உள்ள ஷெட். வீட்டின் மெயின் பாக்ஸிலிருந்து ஒயர் போகும் வழியாக அளந்தால் 25 மீட்டர். வேலை செய்பவர் ஒருவர். மரவேலை பெரும்பகுதி, இரும்பு வேலை எப்போதாவது.

எது எதனோடு ஓடும்?

கையில் பிடிக்கும் மெஷின்கள் நாம் பயப்படும் அளவுக்கு மின்சாரம் இழுப்பவை அல்ல. டிரில்லிங் மெஷின் 500 முதல் 700 வாட், 4 அங்குல கிரைண்டர் 700 முதல் 850 வாட், 7 அங்குல வட்ட ரம்பம் 1200 முதல் 1400 வாட் என்ற அளவில் இருக்கும். 230 வோல்ட்டில் 1400 வாட் என்பது சுமார் 6 ஆம்பியர்தான். ஒருவருக்கு இரண்டு கைகள். ஒரு நேரத்தில் இவற்றில் ஒன்றுதான் ஓடும். ஆகவே மேசையைச் சுற்றிப் பத்து சாக்கெட்டுகள் இருந்தாலும் அவை அனைத்தும் ஒரே 16 ஆம்பியர் லைனில் இருப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. சார்ஜரில் கிடக்கும் பேட்டரிகளும் பசை உருக்கும் துப்பாக்கியும் ரேடியோவும் அந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் என்றால் ஒரு லைனுக்கு இரண்டுதான் என்று ஒயரிங் தொழிலில் ஒரு பழைய நடைமுறை உண்டு. ஹீட்டரும் அயர்ன்பாக்ஸும் யார் கையிலும் எப்போதும் ஓடக்கூடிய வீட்டுக்குள் அது மிகச் சரி. தனியாள் பட்டறையின் மேசைக்கு அதைத் தளர்த்தலாம் என்பது என் கருத்து. ஆனால் ஓட்டையின் எண்ணிக்கையில் தாராளமாக இருக்கும் உரிமையை லைன்களின் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் காட்டுவதற்குப் பயன்படுத்தக் கூடாது.

கணக்கு உண்மையில் சிக்கலாவது, நம் கையில் இல்லாமல் தானாக ஓடும் மெஷின்களால். ரம்பத்தை ஓட்டும்போது அதன் தூசியை உறிஞ்சும் வேக்குவமும் ஓடியாக வேண்டும். அது 1000 முதல் 1400 வாட். ரம்பமும் வேக்குவமும் சேர்ந்து 12 ஆம்பியர். 16 ஆம்பியர் லைன் இதைத் தாங்கும். இதே லைனில் 2 குதிரைத்திறன் ஏர் கம்ப்ரஸரும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் நாம் சொல்லும்போது ஓடுவதில்லை. டேங்கில் காற்றழுத்தம் குறைந்தால் தானாகவே எழும்பும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆனால் அது மோட்டார் வெளியே கொடுக்கும் திறன். உள்ளே வீணாவதையும் பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் மின்னோட்டத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு) சேர்த்துப் பார்த்தால் ஒற்றை பேஸ் 2 குதிரைத்திறன் மோட்டார் 11 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். எழும்பும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. பலகையின் பாதியில் ரம்பம் இருக்கும்போது கம்ப்ரஸர் எழும்பினால் 16 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் லைனைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும். அதைக் குறை சொல்ல முடியாது. 23 ஆம்பியரை அந்த லைனில் நாம்தான் ஏற்றிவைத்தோம்.

ஆகவே கம்ப்ரஸருக்குத் தனி லைன். அதற்குப் போடும் எம்.சி.பி. எந்த வகை என்பதையும் கவனிக்க வேண்டும். பி வகை எம்.சி.பி. தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்திலேயே உடனே விழுந்துவிடும். சி வகை 5 முதல் 10 மடங்கு வரையும், டி வகை 10 முதல் 20 மடங்கு வரையும் பொறுக்கும். வீட்டுக்குள் விளக்குக்குப் போட்ட பி வகையையே மோட்டாருக்கும் மாட்டிவிட்டு, மோட்டார் எழும்பும்போதெல்லாம் அது விழுகிறது என்பதால் அடுத்த பெரிய ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டுவது நம் ஊரில் வெகு சாதாரணமாக நடக்கிறது. ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், அதன் பிறகு அந்த ஒயரைக் காப்பாற்ற யாருமில்லை. மாற்ற வேண்டியது வகையைத்தான்.

வெல்டிங் மெஷினின் கணக்கு வேறு. பெட்டியின் மேல் 200 ஆம்பியர் என்று எழுதியிருப்பது வெல்டிங் ராடில் ஓடும் மின்னோட்டம். சுவரிலிருந்து இழுப்பது அதைவிடக் குறைவு. 100 ஆம்பியரில் வேலை செய்யும்போது ஆர்க்கின் வோல்டேஜ் ஏறத்தாழ 24. இரண்டையும் பெருக்கினால் 2400 வாட். மெஷினின் செயல்திறன் 85 சதவீதம், பவர் ஃபேக்டர் 0.7 என்று கொண்டால் சுவரிலிருந்து வருவது 17 அல்லது 18 ஆம்பியர். மெல்லிய சதுரக் குழாய்களை ஒட்டும் வீட்டு வேலைக்கு இதுவே போதும். 160 ஆம்பியருக்கு ஏற்றினால் இதே கணக்கு 31 ஆம்பியரைத் தொடும். விட்டு விட்டு ஒட்டுவதால் 16 ஆம்பியர் சாக்கெட் சில நாள் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அதன் உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகள் ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் பிடிப்பை இழக்கின்றன. பிடிப்பு குறையக் குறையச் சூடு கூடுகிறது. பழுப்பேறிய சாக்கெட்டுகளின் கதை பெரும்பாலும் இதுதான். வெல்டிங்குக்கென்று 32 ஆம்பியர் நீலநிறத் தொழிற்சாலை சாக்கெட் ஒன்றைத் தனி லைனில் பொருத்துவதே முறை. ஒற்றை பேஸுக்கு நீலம், மூன்று பேஸுக்குச் சிவப்பு என்பது அந்த வகை சாக்கெட்டுகளின் நிற ஒழுங்கு.

விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஒரு தனி லைன் வேண்டும். இரண்டு எல்.இ.டி. பட்டிகளுக்கும் ஒரு விசிறிக்கும் தனி லைனா என்று கேட்கத் தோன்றும். ரம்பத்தின் லைனிலேயே விளக்கும் இருந்து, எம்.சி.பி. விழுந்தால், பல்சக்கரம் இன்னும் சுழன்று நிற்காத அந்தச் சில நொடிகளில் பட்டறை முழு இருட்டாகிவிடும். ஷட்டரை இறக்கிவிட்டு இரவில் வேலை செய்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படிப் பார்த்தால் நம் ஷெட்டுக்கு ஐந்து லைன்கள் வருகின்றன: விளக்கு, மேசை, ரம்பமும் வேக்குவமும், கம்ப்ரஸர், வெல்டிங். இவை ஐந்தையும் வீட்டு மெயின் பாக்ஸிலிருந்து தனித்தனியாக இழுத்துவராமல், ஷெட்டின் சுவரிலேயே எம்.சி.பி.க்களை வரிசையாக மாட்டும் ஒரு சிறிய டி.பி. பாக்ஸ் வைத்து, அதற்கு ஒரே தடித்த ஒயரைக் கொண்டுவந்து அங்கிருந்து பிரிப்பது மலிவு. ஏதாவது விழுந்தால் வீட்டுக்குள் ஓட வேண்டியதும் இல்லை. ஐந்து லைன்களின் ஆம்பியரையும் கூட்டிப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. ரம்பம், வேக்குவம், கம்ப்ரஸர், விளக்கு நான்கும் சேர்ந்து ஓடினால் 25 ஆம்பியர். வெல்டிங் நடக்கும்போது ரம்பம் ஓடாது. ஆகவே வீட்டிலிருந்து வரும் தாய் ஒயருக்கு 32 ஆம்பியர் என்று திட்டமிட்டால் போதும்.

இந்த இடத்தில் மின்வாரியத்தின் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒற்றை பேஸ் இணைப்புக்கு 4 கிலோவாட் என்பதே விதித்தொகுப்பு வகுத்த எல்லை. அதற்கு மேல் மூன்று பேஸ். பழைய வீடுகளில் அனுமதிக்கப்பட்ட மின்பளு அதைவிடவும் குறைவாக இருக்கும். ஏ.சி.யும் வாட்டர் ஹீட்டரும் ஏற்கெனவே அதைத் தின்றுகொண்டிருக்க, பட்டறையையும் அதே கணக்கில் சேர்ப்பது சரியல்ல. பளுவைக் கூட்ட விண்ணப்பிப்பது திட்டத்தின் ஒரு பகுதி. மூன்று பேஸ் உள்ள வீடு என்றால் ஷெட்டை, ஏ.சி. இல்லாத பேஸில் சேர்க்கலாம். ஆனால் ஒரே மேசையில் அடுத்தடுத்த சாக்கெட்டுகளை வெவ்வேறு பேஸில் கொடுக்கக் கூடாது. இரண்டு பேஸுக்கு இடையே 400 வோல்ட் நிற்கும். ஒரு பேஸ் போனால் மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் உள்ள வீடுகளில், வீட்டின் மொத்தப் பளுவும் ஒரே பேஸில் ஏறி நிற்கும் நேரத்தில் வெல்டிங்கைத் தொடங்குவதும் வேண்டாத வேலை.

இன்னொன்று: வீட்டு இணைப்பில் சொந்த வேலை செய்துகொள்வது வேறு, கூலிக்குச் செய்து கொடுப்பது வேறு. அடுத்தவர் ஆர்டரை வாங்கிச் செய்யத் தொடங்கிவிட்டால் அது வீட்டு உபயோகக் கட்டணத்தில் அடங்காது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவு, அனுமதிக்கப்படாத பயன்பாட்டுக்கு உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு கணக்கிட இடம் தருகிறது.

ஒயரின் நீளம் தின்னும் வோல்டேஜ்

மாலை ஆறு மணிக்கு மேல் மோட்டார் எழும்ப மாட்டேன் என்று முனகுவதை ஊர்ப்புறத்தில் எல்லோரும் கேட்டிருப்போம். இண்டக்ஷன் மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குப் பதில் 190 வோல்ட் வந்தால் வோல்டேஜ் குறைவது 17 சதவீதம்தான். முறுக்குவிசையோ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவது குறைவாக இருப்பதை நம்மால் சரிசெய்ய முடியாது. வீட்டுக்குள் நாமே தின்பதைக் குறைக்கலாம்.

25 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 15 ஆம்பியர் ஓடினால், போக வர 50 மீட்டருக்குச் சேர்த்துக் குறையும் வோல்டேஜ் சுமார் 6. அதே தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. போட்டிருந்தால் 10. தாய் ஒயர் 6 சதுர மி.மீ. ஆக இருந்து 30 ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட். 10 சதுர மி.மீ. என்றால் 3 வோல்ட்டுக்கும் கீழே. நான் 10 சதுர மி.மீ. பக்கம்தான் சாய்வேன், காரணம் பின்னால் வருகிறது. ஷெட்டுக்குள் பிரியும் லைன்கள் சில மீட்டர் நீளம்தான் என்பதால் மேசைக்கும் ரம்பத்துக்கும் 2.5 போதும், கம்ப்ரஸருக்கு 4, வெல்டிங்குக்கு 6. கூரை ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரமாக இருந்தால் இந்த அளவுகளில் கை வைத்துக் குறைக்கவே கூடாது. சாதாரண பி.வி.சி. ஒயரின் உள்கம்பி 70 டிகிரி வரைதான் சூடேறலாம். சித்திரை வெயிலில் தகரத்தின் அடியில் ஓடும் பைப்புக்குள் சூடு ஏற்கெனவே அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த அளவுகளோடு கடையில் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரை ஒப்பிட்டுப் பாருங்கள். 0.75 சதுர மி.மீ. ஒயர், 20 மீட்டர் நீளம், சுருளில் வருவது. போக வர 40 மீட்டருக்கு அதன் மின்தடை ஏறத்தாழ 1 ஓம். 15 ஆம்பியர் ஓடினால் 15 வோல்ட் வழியிலேயே போகிறது. அந்தப் போன வோல்டேஜ் 225 வாட் அளவுக்குச் சூடாக அந்த ஒயரிலேயே தங்குகிறது. ஒயர் முழுவதும் தரையில் விரிந்து கிடந்தால் அந்தச் சூடு காற்றில் கலந்துவிடும். பெரும்பாலானவர்கள் தேவையான இரண்டு மீட்டரை மட்டும் உருவிக்கொண்டு மீதியைச் சுருளிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்போது அந்த 225 வாட்டில் பெரும்பகுதி ஒரு தட்டு அளவு இடத்துக்குள் அடைபடுகிறது. சுருளின் உள்ளடுக்குகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும்

பட்டறையில் உயிரோடு விளையாடும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். எம்.சி.பி. இருக்கிறது, ஷாக் அடித்தால் விழுந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. எம்.சி.பி. காப்பது ஒயரை. மனித உடலின் வழியே போகும் மின்னோட்டம் ஆம்பியரில் மிகச் சிறு பகுதி, அது எம்.சி.பி.யின் கண்ணிலேயே படாது.

எர்த் நன்றாக இருந்தால் எம்.சி.பி. விழுமே என்று அடுத்த கேள்வி வரும். நம் ஊரின் பெரும்பாலான வீடுகளில் எர்த் என்பது மனையின் மூலையில் தோண்டிய குழி: ஜி.ஐ. பைப் அல்லது செம்புத் தகடு, சுற்றிக் கரியும் உப்பும். கம்ப்ரஸரின் உள்ளே பேஸ் ஒயர் தேய்ந்து உடலில் பட்டுவிட்டது என்று கொள்வோம். மின்சாரம் பச்சை ஒயர் வழியே குழிக்கு வந்து, மண்ணுக்குள் இறங்கி, டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். நம் குழியின் தடை 8 ஓம், அந்தப் பக்கம் 2 ஓம் என்று வைத்தால் மொத்தம் 10 ஓம். ஓடும் மின்னோட்டம் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனடியாக விழ 80 ஆம்பியராவது வேண்டும். 23 ஆம்பியரில் அது மெல்லச் சூடேறி, பல நிமிடங்கள் கழித்து, சில வேளை முக்கால் மணி நேரம் கழித்துக்கூட விழலாம். அதுவரை கம்ப்ரஸரின் உடல் 184 வோல்ட்டில் நிற்கும். 8 ஓம் என்பது வீட்டுக் குழிக்கு மோசமான அளவென்றும் சொல்ல முடியாது. கோடையில் மண் காய்ந்தால் அது இன்னும் ஏறும். குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பெரியவர்கள் நச்சரிப்பதில் முழு நியாயம் இருக்கிறது.

இந்த இடைவெளியை அடைப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்பதை மட்டும் அது பார்க்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் விழுந்துவிட வேண்டும்; மேலே சொன்ன 23 ஆம்பியர் கசிவு என்றால் 40 மில்லி நொடிக்குள். ஷெட்டின் எல்லா சாக்கெட்டுகளும் இதன் கீழ் வர வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஈரத் தரை, இரும்பு மேசை, வெறுங்கால் மூன்றும் சேரும் இடம் வீட்டில் குளியலறைக்கு அடுத்தபடி பட்டறைதான். அதே நேரம் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால் அதற்குக் கணக்கு சமமாகவே தெரியும், விழாது. அதிகப் பளுவிலும் விழாது, அதற்கு எம்.சி.பி. கூடவே இருக்க வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் செய்யும் ஆர்.சி.பி.ஓ.வை லைனுக்கு ஒன்றாகப் போட்டால் செலவு கூடும், ஆனால் வெல்டிங் மெஷினின் உள் எலெக்ட்ரானிக்ஸ் விடும் சிறு கசிவுக்காக முழு ஷெட்டும் அணையாது. வெல்டிங் லைனுக்கும் சார்ஜர் லைனுக்கும் வாங்கும்போது ஏ வகையாகக் கேட்டு வாங்குவது நல்லது. இவ்வகைக் கருவிகளின் கசிவு சுத்தமான மாறுதிசை மின்னோட்டமாக (ஏ.சி.) இருப்பதில்லை, பழைய ஏ.சி. வகை அதைச் சரியாகக் கண்டுகொள்ளாமல் போகலாம்.

ஆர்.சி.சி.பி. மாட்டிய மறுநாளே அடிக்கடி விழுகிறது என்று கழற்றிப் போடப்பட்ட வீடுகள் ஏராளம். குற்றம் பெரும்பாலும் நியூட்ரலில் இருக்கும். பழைய ஒயரிங்கில் பக்கத்து லைனின் நியூட்ரலையே இழுத்து இணைத்திருப்பார்கள். மின்வெட்டுக்காக மாட்டிய இன்வெர்ட்டரின் லைன் ஓர் அறையில் பேஸை ஒரு வழியாகவும் நியூட்ரலை வேறு வழியாகவும் எடுத்திருக்கும். வேறு பாதையில் திரும்பும் மின்னோட்டம் ஆர்.சி.சி.பி.க்குக் கசிவாகத்தான் தெரியும். எனவே ஷெட்டின் ஒவ்வொரு லைனுக்கும் சொந்த நியூட்ரல், சொந்த எர்த் என்பதை எலெக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் ஒயர் கணக்குப் போடுவதற்கு முன்பே.

டிரில்லிங் மெஷின் பலவற்றின் பிளக்கில் இரண்டே முனைகள் இருப்பதைப் பார்த்துவிட்டு எர்த் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அவை இரட்டைக் காப்புள்ளவை. பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் அதற்கான அடையாளம். இரும்பு உடல் கொண்ட கம்ப்ரஸரும் பெஞ்சு கிரைண்டரும் மேசை ரம்பமும் அப்படியல்ல. நம் மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மற்றவற்றைவிட நீளமாக இருப்பதே, செருகும்போது முதலில் அது பட்டு, உருவும்போது கடைசியில் அது விட வேண்டும் என்பதற்காகத்தான். அந்த முனையை வெட்டிவிட்டுச் செருகும் பழக்கத்தை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

எந்த உயரத்தில், எந்தச் சுவரில்

வீட்டுக்குள் பிளக் பாயிண்ட்டைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வைக்கும் வழக்கம் ஷெட்டுக்கு ஆகாது. பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. அதைப் படுக்கைவாட்டில் சுவரில் சாய்த்தால் 4 அடி உயரம் வரை எல்லாம் மறைந்துவிடும். ஆகவே சாக்கெட்டுகளின் அடிவிளிம்பு நாலே கால் அடிக்கு மேலே இருந்தால், ஷீட்டை நகர்த்தாமலே பிளக்கைச் செருகலாம். மேசை மூன்றடி உயரம் என்றால் அதற்கும் இது தொந்தரவில்லாத இடம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். கசியும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி நிற்கும் ஷெட்டில், சுவிட்ச் போடும்போது தெறிக்கும் பொறி உயரத்தில் இருப்பதே மேல். சென்னையிலும் புறநகரிலும் இருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளக் கார் நிறுத்தங்களில் தண்ணீர் எங்கே நின்றது என்பதை அவர்கள் சுவரில் இருந்த கறையைப் பார்த்தே அறிந்திருப்பார்கள். டி.பி. பாக்ஸை அந்தக் கறைக்கு மேலே வைக்க வேண்டும்.

மேசை சுவரோடு ஒட்டியிருந்தால் சாக்கெட்டுகளை இரண்டடிக்கு ஒன்றாக வைக்கலாம். 6 ஆம்பியர், 16 ஆம்பியர் இரு வகைப் பிளக்கும் செருகக்கூடிய கூட்டு சாக்கெட்டாகவே எல்லாவற்றையும் வாங்கிவிட்டால் கன்வெர்ட்டர் தேவைப்படாது. ரம்ப மேசை அறையின் நடுவில் நின்றால் அதற்குத் தரையில் சாக்கெட் வைக்கும் யோசனையை விட்டுவிட வேண்டும். மேல்நோக்கித் திறந்த ஓட்டையில் மரத்தூள் நிறையும். கூரையிலிருந்து தலைக்கு மேல் ஏழு அடி உயரத்தில் தொங்கும் சாக்கெட் ஒன்று அந்த வேலையைச் செய்யும். காலில் ஒயர் தட்டாது, ரம்பம் தன் ஒயரையே அறுத்துக்கொள்ளும் ஆபத்தும் குறையும். ஷட்டருக்கு அருகில் ஒரு சாக்கெட்டை மறக்காமல் வைக்க வேண்டும். வண்டி கழுவுவதும் கேட்டை வெல்டிங் செய்வதும் வெளியே நடப்பவை. அங்கே சாக்கெட் இல்லாததால்தான் சுருள் ஒயர் மீண்டும் வெளியே வருகிறது. அது சாரல் படும் இடமாக இருந்தால் மூடியுள்ள வெளிப்புற சாக்கெட்டாக இருக்கட்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பயன்படாத சாக்கெட்டின் எர்த் ஓட்டையில் குளவி மண்ணை அடைத்துக் கூடு கட்டிவிடும். எறும்பு சுவிட்ச் பாக்ஸுக்குள் குடியேறும். பல்லி உள்ளே நுழைந்து இரண்டு முனைகளுக்கு நடுவில் செத்துக்கிடக்கும். ஓட்டைகளுக்கு உள்ளேயே தடுப்புள்ள சாக்கெட்டுகளை வாங்குவதும், பைப் நுழையும் துளைகளைச் சுற்றி அடைப்பதும் சிறிய வேலைகள்தாம். புதிய வீடுகளில் பூச்சு வேலை முடியும் அவசரத்தில் இவை விடுபட்டுப்போகின்றன.

பைப்பைச் சுவருக்குள் காடி வெட்டிப் புதைப்பதா, சுவரின் மேலேயே ஓட்டுவதா என்ற கேள்வியில், பட்டறையில் சுவரின் மேலே ஓட்டுவதே எனக்குப் பிடிக்கும். பார்வைக்கு அழகில்லை என்பார்கள். பட்டறையில் சுவருக்கு ஆணியும் அலமாரிக்குத் துளையும் ஓயாது; உள்ளே எங்கே ஒயர் ஓடுகிறது என்று தெரியாமல் டிரில் செய்வதைவிடக் கண்ணுக்குத் தெரியும் பைப் நல்லது. மெஷினை இடம் மாற்றும்போது லைனையும் நீட்டிக்கொள்ளலாம்.

மின்வெட்டு, மின்சார வண்டி

ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. சுவிட்சை அணைக்க மறந்து, பல்சக்கரத்தில் சிக்கிய துண்டை எடுக்கக் கை போகும் நேரத்தில் கரண்ட் வருகிறது. மின்வெட்டு குறைந்துவிட்டாலும் இந்த ஆபத்து குறையவில்லை. எப்போதாவது போகும் கரண்ட்டுக்கு நாம் தயாராக இருப்பதில்லை என்பதால் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். தண்ணீர் மோட்டாருக்குப் போடும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் கரண்ட் போனதும் தானே விடுபடும் காயில் இருக்கிறது. கரண்ட் வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் எழும்பும். மேசை ரம்பத்துக்கும் பெஞ்சு கிரைண்டருக்கும் இதையே மாட்டலாம். ஓவர்லோடு ரிலேயும் அதிலேயே வந்துவிடுகிறது. சிவப்புப் பொத்தான் முழங்காலாலோ இடுப்பாலோ தட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். கைகள் இரண்டும் பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

தாய் ஒயர் 10 சதுர மி.மீ. ஆக இருக்கட்டும் என்றதற்குக் காரணம், அந்த ஷெட்டுக்கு இன்றோ நாளையோ ஒரு மின்சார வண்டி வரும் என்பது. ஸ்கூட்டர் சார்ஜர் ஆயிரம் வாட்டுக்குள் அடங்கிவிடும். காரோடு வரும் 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எண்ணைப் பார்த்தால் ரம்பமும் வேக்குவமும் சேர்ந்ததைவிடச் சற்றே அதிகம். நேரத்தைப் பார்த்தால் கதை வேறு. ரம்பம் சில நிமிடம் ஓடி நிற்கும். சார்ஜர் இரவு முழுவதும் ஓடும். மலிவான 16 ஆம்பியர் சாக்கெட்டின் தரம் அந்த எட்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சார்ஜருக்குத் தனி லைன், 4 சதுர மி.மீ. ஒயர், தனி ஆர்.சி.பி.ஓ., ஏ.சி.க்குப் போடுவதுபோன்ற எம்.சி.பி.யோடு கூடிய உலோகப் பெட்டி சாக்கெட் என்று போட்டுவிட வேண்டும். 7 கிலோவாட் சுவர் சார்ஜர் வாங்குவதாக இருந்தால் அதுவே 32 ஆம்பியர். அப்போது மூன்று பேஸ் இணைப்பும் மெயின் பாக்ஸிலிருந்து நேரடித் தனி ஒயரும் இல்லாமல் முடியாது.

வேலையை முடித்த எலெக்ட்ரீஷியனுக்குப் பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன், அவரையே வைத்துச் சிலவற்றைச் சரிபார்க்கச் சொல்லலாம். உரிமம் பெற்றவர் இதற்குத் தயங்க மாட்டார். ஒவ்வொரு சாக்கெட்டிலும் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 15 வாட் குண்டு பல்பு ஒன்றை டெஸ்ட் லேம்ப்பாக வைத்தால், அது இழுக்கும் 65 மில்லி ஆம்பியருக்கு ஆர்.சி.சி.பி. அந்தக் கணமே விழ வேண்டும். விழாவிட்டால் அந்த சாக்கெட்டுக்கு எர்த் வரவில்லை, அல்லது அது ஆர்.சி.சி.பி.யின் கீழ் இல்லை, அல்லது ஆர்.சி.சி.பி.யே பழுது. குழியின் தடை எவ்வளவு என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு எர்த் டெஸ்டர் கொண்டு அளக்க வேண்டும், அதுவும் மழைக்காலத்தில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை. ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் உள்ள T என்ற டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது வீட்டுக்காரர் வேலை. லைன் எண்ணை ஒவ்வொரு சாக்கெட்டின் ஓரத்திலும் பெயின்ட்டால் எழுதி, அதே எண்ணை டி.பி. பாக்ஸின் மூடிக்கு உள்ளேயும் எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை வேறொரு எலெக்ட்ரீஷியன் வந்தாலும் எந்த எம்.சி.பி. எதற்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டியிருக்காது.